‘விஸ்டம்’ என்றால் ஞானமா?

கேள்வி: அக்கா பிள்ளைகளுக்கு இந்த விடுமுறையில், ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையாகவே ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைத் தமிழிலேயே நடத்த ஆசை. எபிலிட்டி, ஆட்ரிப்யூட், கேரக்டரிஸ்டிக், ட்ரெய்ட் எல்லாம் ஒன்றுதானா? பாத்திரத்துக்கு எண்ணால் குறிக்கும் அந்த ஆறு அடிப்படை விஷயங்களுக்கும் (ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிடியூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா) தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

முதல் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆட்டத்துக்கு ஆட்டம் பெயர்தான் வேறு. 1974-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ‘எபிலிட்டி’ என்றது. 1977-ல் வந்த டிராவலரும் 1981-ல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவும் ‘கேரக்டரிஸ்டிக்’ என்றன. 1986-ல் வந்த கர்ப்ஸ் ‘ஆட்ரிப்யூட்’ என்றது. ‘ட்ரெய்ட்’ மட்டும் வம்பு பிடித்த சொல். சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற ஆட்டத்தில் அடிப்படை இயல்புகளும் கற்ற திறமைகளும் சேர்ந்ததுதான் ட்ரெய்ட். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பிலோ பாத்திரத்தின் சுபாவத்தை எழுதும் இடத்துக்கும் அந்தப் பெயர் உண்டு.

பொதுச்சொல்லாக ‘இயல்பு’ என்று வையுங்கள். நான் முதலில் ‘குணம்’ என்றுதான் பாத்திரத்தின் விவரத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு சிறுமி அந்தக் கட்டத்தில் எண்ணே போடாமல், “கோபக்காரி, ஆனா நாய்னா உயிர்” என்று எழுதித் தந்தாள். தப்பு அவளுடையது இல்லை. தமிழில் குணம் என்றால் அதுதானே! ‘பண்பு’ என்றால் நல்லவனா கெட்டவனா என்று யோசிப்பார்கள். ‘திறன்’ என்றால் பூட்டுத் திறப்பது, மரம் ஏறுவது போன்ற கற்ற வித்தைகளோடு குழம்பும். அவற்றுக்குத் ‘தேர்ச்சி’ என்று தனிப்பெயர் கொடுங்கள். டிராவலரில் சமூக அந்தஸ்தும் கதுல்ஹுவில் உடல் பருமனும்கூட இந்தப் பட்டியலில் வரும். அவற்றைத் திறன் என்று சொல்ல முடியாது, இயல்பு என்றால் பொருந்தும்.

சரி, அந்த ஆறுக்கு வருவோம். அகராதியைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். எந்தச் செயலுக்காக அந்தப் பகடையை உருட்டுகிறோம் என்று பாருங்கள். ஸ்ட்ரெங்த் ‘வலிமை’, அதில் சிக்கல் இல்லை. டெக்ஸ்டெரிட்டிக்கு அகராதி ‘கைத்திறன்’ என்று சொல்லும். ஆட்டத்தில் அம்புக்கு விலகுவது, பூனை மாதிரி நடப்பது, கயிற்றின் மேல் தடுமாறாமல் போவது எல்லாம் இதில்தான் வரும். அதற்கு ‘லாவகம்’ கச்சிதமான சொல். கான்ஸ்டிடியூஷனை அகராதியில் தேடினால் அரசியலமைப்புச் சட்டம்தான் முதலில் வந்து நிற்கும். விஷம் குடித்தாலும் தாக்குப்பிடிக்கும் உடம்பைத்தான் இங்கே சொல்கிறார்கள், எனவே ‘திடம்’.

எல்லோரும் தடுமாறுவது இன்டெலிஜென்ஸ், விஸ்டம் இரண்டிலும்தான். ‘அறிவு’, ‘ஞானம்’ என்று வைத்தால் பிள்ளைகள் ஞானத்தைத் தாடி வைத்த முனிவருக்கு மட்டும் கொடுப்பார்கள். ஆட்டத்தில் விஸ்டம் என்ன செய்கிறது? புதருக்குள் ஏதோ அசைவதைக் கவனிக்கிறது. கடைக்காரர் பொய் சொல்வதை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறது. மிரண்ட குதிரையைத் தட்டிக் கொடுத்து அடக்குகிறது. பள்ளிக்கூடமே போகாத ஆடு மேய்ப்பவரிடம் இது நிறைய இருக்கும். நான் ‘விவேகம்’ என்கிறேன். சின்னப் பிள்ளைகளிடம் ‘கூர்மை’ என்றால் இன்னும் சட்டென்று புரிகிறது. படித்தது, நினைவில் வைத்தது, துப்புகளைக் கோத்துப் பார்ப்பது எல்லாம் ‘அறிவு’.

கரிஸ்மாவைக் ‘கவர்ச்சி’ ஆக்கிவிடாதீர்கள். சினிமா போஸ்டர் நினைவுதான் வரும். ‘வசீகரம்’ பரவாயில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. காவலாளியை ஒரு முறைப்பில் நடுங்க வைப்பதும் கரிஸ்மா பகடைதான், அதில் வசீகரம் எங்கே? ‘ஆளுமை’ என்றால் கெஞ்சுவது, ஏய்ப்பது, மிரட்டுவது எல்லாம் அடங்கிவிடும்.

இன்னொன்று. ஒவ்வொரு இயல்புக்கும் இரண்டு எண்கள் உண்டு. லாவகம் 16 என்றால் 20 முகப் பகடையில் விழுந்ததோடு 16-ஐக் கூட்டக் கூடாது, 3-ஐத்தான் கூட்ட வேண்டும். இப்போதைய விதிப்படி 10-ஐக் கழித்துப் பாதியாக்கிக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் அந்த எண் வரும்: 15-க்கு +2, 8-க்கு −1. முதல் எண்ணை ‘மதிப்பெண்’ என்றால் பரீட்சை ஞாபகம் வரும், ‘அளவு’ போதும். இரண்டாவது ‘கூட்டல்’. தாளில் கூட்டலைப் பெரிதாகவும் அளவைப் பக்கத்தில் சின்னதாகவும் எழுதிக் கொடுங்கள். ஆட்டம் முழுக்கக் கண் தேடுவது கூட்டலைத்தான்.