வக்கீல் நோட்டீஸ் வந்ததும் பயப்பட வேண்டியது எதற்கு?

கேள்வி: மென்பொருள் விற்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் 14 மாதம் விற்பனைப் பிரிவில் இருந்தேன். சேரும்போது இரண்டு வருட பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள், தொகை 3 லட்சம். கூடவே தொகையும் தேதியும் எழுதாமல், கையெழுத்து மட்டும் போட்டு ஒரு செக் கொடுத்தேன். 60 நாள் நோட்டீஸ் காலத்தை முடித்துவிட்டுத்தான் விலகினேன். இப்போது அதே துறையில் வேறு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். பழைய நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஒரு வருடத்துக்குப் போட்டி நிறுவனத்தில் வேலை பார்க்கக் கூடாதாம், 3 லட்சம் கட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் பெங்களூரு கோர்ட்டில் வழக்காம். கடைசி மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் இன்னும் வரவில்லை. புது வேலையை விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்: வேலையை விடாதீர்கள். நீங்கள் கேட்ட விஷயங்களில் இதற்குத்தான் சுலபமான பதில். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு வரி. அந்த செக். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு அல்ல. எதிர்த்தரப்பின் கோரிக்கையை ஒரு வக்கீல் தன் லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்புகிறார், அவ்வளவுதான். ‘7 நாளுக்குள்’, ‘15 நாளுக்குள்’ என்று அதில் இருக்கும் கெடுவும் பெரும்பாலும் அவரே போட்டதுதான். அதற்காகப் பதில் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். நாளைக்கு வழக்கு வந்தால், ‘அன்றைக்கே ஏன் மறுக்கவில்லை?’ என்ற கேள்வி வரும்.

இன்னொன்று, பதற்றத்தில் பழைய மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் ‘சார், கொஞ்சம் டைம் கொடுங்க, தவணையா கட்டிடறேன்’ என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கை ஓட்டிவிடுவார்கள்.

முதலில் போட்டி நிறுவன ஷரத்து. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, சட்டபூர்வமான தொழில் எதையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. ஒரு வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்றவருக்கு மட்டும் அங்கே விதிவிலக்கு உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அந்த விதிவிலக்கில் வரமாட்டார். வேலையில் இருக்கும்போது ‘வேறு இடத்தில் வேலை பார்க்காதே’ என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கோலிகரி வழக்கில் சொன்னது. வேலையை விட்ட பிறகும் அந்தத் தடை தொடர முடியாது என்பதை 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில் திரும்பவும் உறுதி செய்தது. பிறகு ஏன் எல்லா நியமன ஒப்பந்தத்திலும் இந்த ஷரத்து இருக்கிறது என்று கேட்பீர்கள். படிப்பவர் பயப்படுவார் என்பதற்காகத்தான். பாதிப் பேர் பயப்படவும் செய்கிறார்கள்.

பாண்ட் அப்படியல்ல. ‘பாண்டெல்லாம் செல்லாது’ என்று நண்பர்கள் சொன்னால் நம்பிவிடாதீர்கள். விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஷரத்து செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வேலையிலிருக்கும் காலத்தைப் பற்றிய நிபந்தனை, விலகிய பிறகு பிழைப்பைத் தடுப்பது அல்ல, ஆகவே 27ஆம் பிரிவு குறுக்கே வராது என்பது அதன் சாரம். ஆனால் அங்கே எதிரில் நின்றது பொதுத்துறை வங்கி. ஒருவர் இடையில் போனால் மறுபடி விளம்பரம், தேர்வு, நேர்காணல் என்று முழு நடைமுறையையும் நடத்தியாக வேண்டும் என்ற காரணத்தை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் நிறுவனம் அதே வாதத்தை அப்படியே எடுத்து வைத்துவிட முடியாது.

இங்கே உங்களுக்கு உதவுவது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் எழுதிய 3 லட்சம் என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் எது நியாயமான இழப்பீடோ அதைத்தான் நீதிமன்றம் தரும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள்? வெளியிலிருந்து ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்களா, அல்லது பக்கத்து மேசைக்காரர் இரண்டு வாரம் டெமோ காட்டியதைத்தான் ‘பயிற்சி’ என்கிறார்களா? அதற்கு ரசீது இருக்கிறதா? 24 மாதத்தில் 14 மாதம் உழைத்துக் கொடுத்திருக்கிறீர்கள், அது கணக்கில் வராதா? இதையெல்லாம் பதில் நோட்டீஸில் கேளுங்கள்.

சரி, இப்போது செக்.

தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது செக்தான். விரும்பிக் கொடுத்திருந்தால், அதை நிரப்ப வாங்கியவருக்கு அதிகாரம் உண்டு என்றும், அது கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் அவர் பக்கம் இருக்கும் என்றும் உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. நாளைக்கே அவர்கள் 3 லட்சம் என்று நிரப்பி, தேதி போட்டு, வங்கியில் செலுத்தலாம். பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வந்துவிடும். அது குற்ற வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். பாண்டுக்காகச் சிவில் வழக்குப் போட்டால் நஷ்டத்தை அவர்கள் நிரூபிக்க வேண்டும். செக் வழக்கில் கடன் இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் வந்து விழும்.

வங்கியில் ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் போகாமல் அது காக்கும், வழக்கு வராமல் காக்காது. நீங்கள் செய்ய வேண்டியது, செக் வங்கிக்குப் போவதற்கு முன்பே எழுத்தில் மறுப்பது. செக் எண், கொடுத்த நாள், உத்தரவாதத்துக்காக மட்டுமே கொடுத்தது, இதுவரை எந்தத் தொகையும் தீர்மானமாகவில்லை, ஆகவே செலுத்தாமல் திருப்பித் தர வேண்டும் என்று பதில் நோட்டீஸில் தனிப் பத்தியாக வரட்டும். பின்னால் உங்கள் வாதத்துக்கு அதுதான் ஆணிவேர். ஒருவேளை செக் திரும்பி இன்னொரு நோட்டீஸ் வந்தால், அதில் இருக்கும் 15 நாள் கெடு சட்டம் போட்டது. கையில் கிடைத்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு அன்றே வக்கீலிடம் போங்கள்.

அடுத்து, நீங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். விலகும் முன் வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல் போன்ற எதையாவது சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பினீர்களா? பென்டிரைவில் எடுத்தீர்களா? விற்பனைப் பிரிவு ஆட்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லாமலேதான் இதைச் செய்கிறார்கள், ஆனால் வழக்கில் மாட்டுவதும் இதனால்தான். போட்டி நிறுவனத்தில் சேர்வதை 27ஆம் பிரிவு காக்கும். ரகசியத் தகவலைத் தூக்கிக்கொண்டு போவதைக் காக்காது. அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் இழப்பீடு உண்டு. நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. அப்படி ஏதாவது உங்களிடம் இருந்தால் திறக்காதீர்கள், புது நிறுவனத்துக்குக் காட்டாதீர்கள், அவசரப்பட்டு அழிக்கவும் செய்யாதீர்கள். நோட்டீஸ் வந்தபின் அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாகச் சொல்வார்கள். எப்படித் திருப்புவது என்று வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பெங்களூரு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊர் கோர்ட்டுக்கு ஏற்கெனவே விசாரிக்கும் அதிகாரம் இருந்தால், வேலை ஒப்பந்தத்திலும் அப்படிப்பட்ட ஷரத்து செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இடைக்காலத் தடை வாங்கிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், அங்கே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்கீழ் கேவியட் மனு போட்டுவையுங்கள். செலவு அதிகமில்லை. 90 நாளுக்கு, உங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு போட மாட்டார்கள். அப்படியே ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் ஷரத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘நிறுவனமே மத்தியஸ்தரை நியமிக்கும்’ என்று இருந்தால் எதிர்க்கலாம். ஒரு தரப்பு மட்டும் நியமிப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்பதில்லை.

சம்பளத்தைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தர வேண்டும் என்கிறது. பதில் நோட்டீஸிலேயே கேளுங்கள். ரிலீவிங் லெட்டருக்காகக் காத்திருக்காமல் ராஜினாமா மின்னஞ்சல், அதை ஏற்ற பதில், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைப் புது நிறுவனத்திடம் கொடுங்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை அவர்கள் போடாவிட்டால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். நோட்டீஸ் வந்திருப்பதையும் புது நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழையவர்கள் அங்கேயும் கடிதம் போடக்கூடும், அப்போது தெரிவதைவிட இப்போதே உங்கள் வாயால் தெரிவது நல்லது.

இந்த மாதிரி விவகாரங்கள் பெரும்பாலும் தீர்ப்பு வரை போகாது. நிலுவைச் சம்பளத்தைக் கழித்துக்கொண்டு, மிச்சத்துக்கு ஒரு சிறு தொகை பேசி முடியலாம். அதில் தவறில்லை, வருடக்கணக்கில் பெங்களூருக்கு ரயில் ஏறுவதைவிட மேல். ஆனால் பணம் கை மாறும் அதே நேரத்தில் ரிலீவிங் லெட்டரும், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற கையெழுத்தும், அந்த அசல் செக்கும் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். ‘செக்கை அப்புறம் கூரியரில் அனுப்புகிறோம்’ என்றால், பணத்தையும் அப்புறமே அனுப்புங்கள்.