பைத்தானில் ஃபங்க்ஷனின் விடை திரையில் சரியாக வருகிறது, ஆனால் இரண்டு விடைகளைக் கூட்ட முடியவில்லை. ஏன்?

கேள்வி இதுதான்: பள்ளியில் டெல்ஃபி என்ற நிரல்மொழியைப் படித்துவிட்டு இப்போது பைத்தான் என்ற நிரல்மொழியைத் தொடங்கியிருக்கிறீர்கள். விலையோடு 15 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) சேர்க்க ‘வரியோடு’ என்று ஒரு ஃபங்க்ஷன், அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஓடுகிற நிரல் துண்டு, எழுதியிருக்கிறீர்கள். வரியோடு(200) என்று அழைத்தால் 230.0 வருகிறது. வரியோடு(200) + வரியோடு(40) என்று எழுதினால் 230.0, 46.0 இரண்டும் திரையில் வந்துவிட்டு, நன்டைப்பையும் (NoneType) நன்டைப்பையும் கூட்ட முடியாது என்று டைப்எரர், அதாவது மதிப்பின் வகை பொருந்தாத பிழை, விழுகிறது.

உங்கள் கணக்கில் தவறே இல்லை. ஃபங்க்ஷனின் கடைசி வரியில் பிரிண்ட் (print) போட்டிருக்கிறீர்கள், அங்கே ரிட்டர்ன் (return) இருக்க வேண்டும். பிரிண்டை எடுத்துவிட்டு ரிட்டர்ன் விலை * 115 / 100 என்று மாற்றி, ஃபங்க்ஷனுக்கு வெளியே பிரிண்ட்(வரியோடு(200) + வரியோடு(40)) என்று ஒரே வரி எழுதி ஓட்டுங்கள், 276.0 வரும்.

ஆனால் இதோடு விட்டால் அடுத்த வாரம் வேறொரு ஃபங்க்ஷனில் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் சாயங்கால நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தருகிறேன், அவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிண்ட் என்பது திரையைப் பார்க்கிற மனிதருக்கு. நிரலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, திரையில் என்ன எழுதப்பட்டது என்று அடுத்த வரிக்குத் தெரியாது. ரிட்டர்ன் போட்டால் அழைப்பு இருந்த இடத்தில் அந்த மதிப்பு வந்து உட்காருகிறது. வரியோடு(200) + வரியோடு(40) என்ற வரியை பைத்தான் 230.0 + 46.0 என்று பார்க்கும், அப்புறம் கூட்டும். ரிட்டர்ன் இல்லாத ஃபங்க்ஷனும் வெறுங்கையோடு வருவதில்லை, நன் (None) என்று ஒரு மதிப்பை, அதாவது எதுவுமில்லை என்பதற்கான மதிப்பைக் கொண்டுவந்து வைக்கும். நன் + நன் என்பதைக் கூட்டச் சொன்னால் அது எப்படிக் கூட்டும்? பிழைச் செய்தி சொன்னது அதைத்தான்.

டெல்ஃபியில் இந்தக் குழப்பம் உங்களுக்கு வராததற்குக் காரணம் உண்டு. அங்கே ப்ரொசீஜர் தனி, ஃபங்க்ஷன் தனி, ஃபங்க்ஷன் எழுதும்போதே என்ன வகை மதிப்பு திரும்பும் என்று தலைப்பிலேயே எழுத வேண்டும். மதிப்பைத் தராத ப்ரொசீஜரைக் கூட்டலுக்குள் வைத்தால் நிரல் ஓடவே ஓடாது, ஓடுவதற்கு முன்பே நிரலை மொழிபெயர்க்கிற கம்பைலர் தடுத்துவிடும். பைத்தானில் இரண்டையும் டெஃப் (def) என்ற ஒரே சொல்லால்தான் தொடங்குகிறோம், அந்தக் காவல் இல்லை, ஓடுகிறபோதுதான் உடையும். இன்னொரு வேறுபாடும் முக்கியம். டெல்ஃபியில் விடையை வைக்கிற ரிசல்ட் என்ற பெயருக்கு மதிப்பு கொடுத்த பிறகும் கீழே உள்ள வரிகள் ஓடும். பைத்தானில் ரிட்டர்ன் வந்த கணமே ஃபங்க்ஷன் முடிந்துவிடும், அதற்குக் கீழே எழுதியது எதுவும் ஓடாது. ஒவ்வொரு பொருளுக்கும் திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு லூப்புக்குள் தவறிப்போய் ரிட்டர்ன் வைத்துவிட்டு, முதல் பொருளுக்கு மட்டும்தான் விடை வருகிறது என்று கேட்கிறவர்கள் நிறைய.

ஒவ்வொரு வரியையும் தட்டியவுடனே ஓட்டிக்காட்டுகிற ஷெல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. அதில் >>> என்ற அம்புக்குறி உள்ள வரியில் வரியோடு(200) என்று தட்டினால், ரிட்டர்ன் போட்டாலும் சரி, பிரிண்ட் போட்டாலும் சரி, 230.0 தெரியும், ஏனென்றால் திரும்பிவந்த மதிப்பை ஷெல்லே காட்டிவிடுகிறது. அதையே கோப்பில் எழுதி ஓட்டினால் ரிட்டர்ன் போட்ட ஃபங்க்ஷன் திரையில் ஒன்றும் காட்டாது. உடனே ரிட்டர்ன் வேலை செய்யவில்லை என்று நினைத்து பிரிண்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அது வேலை செய்துவிட்டது, கிடைத்த மதிப்பை நீங்கள்தான் பயன்படுத்தவில்லை.

நான் பிள்ளைகளிடம் வற்புறுத்துவது ஒரே ஒரு பழக்கம்: ஃபங்க்ஷனை எழுதுவதற்கு முன்னால் அதை அழைக்கப்போகும் வரியை எழுதுங்கள். பில் = வரியோடு(200) + வரியோடு(40) என்று முதலில் எழுதிவிட்டால், இந்த அழைப்பின் இடத்தில் ஒரு எண் வந்தாக வேண்டும் என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கும், அதற்குப் பிறகு உள்ளே பிரிண்ட் எழுதக் கை போகாது. (பெயரைத் தமிழில் வைத்திருப்பது நன்றாக இருக்கிறது, பைத்தான் 3 அதை ஏற்கும், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்து உங்களுக்கு வரப்போகிற சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அரிசி, பால், முட்டை, பிரவுன் பிரெட் இவற்றுக்கெல்லாம் வாட் பூஜ்ய சதவீதம், சோப்புக்கு 15. அதனால் ஃபங்க்ஷனுக்குள் ஒரு இஃப் (if), அதாவது ஒரு நிபந்தனை, வைத்து, வரியுள்ள பொருளாக இருந்தால் ரிட்டர்ன் விலை * 115 / 100 என்று எழுதுவீர்கள். சோப்பை வைத்துச் சோதித்தால் சரியாக வரும். அரிசியை வைத்தால் மறுபடி நன். இஃப் பொய்யானால் ஓடுவதற்கு ரிட்டர்ன் இல்லை, ஃபங்க்ஷன் அடிவரை போய் நன்னோடு திரும்புகிறது. கீழே ரிட்டர்ன் விலை என்று ஒரு வரி வேண்டும். எந்த வழியில் போனாலும் ஒரு ரிட்டர்ன் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள்.

பைத்தானோடு வருகிறவற்றிலும் இது உண்டு. ஒரு பட்டியலின் சார்ட் (sort) அந்தப் பட்டியலையே வரிசைப்படுத்திவிட்டு நன்னைத் தரும், சார்ட்டெட் (sorted) வரிசைப்படுத்திய புதிய பட்டியலைத் தரும். விலைகள் = விலைகள்.சார்ட்() என்று எழுதினால் பட்டியலே கைவிட்டுப் போய்விடும்.

கடைசியாக, எதைத் திருப்பித் தருவது என்பது. நீங்கள் 115ஆல் பெருக்கி 100ஆல் வகுத்திருக்கிறீர்கள், நல்லது. 1.15ஆல் பெருக்கினால் 200க்கு 229.99999999999997 என்று வரும், ஏனென்றால் 1.15ஐ கணினி இரும எண்ணாக முழுத் துல்லியத்தோடு வைத்துக்கொள்ள முடியாது. அதைப் பார்த்துப் பயந்து ஃபங்க்ஷனுக்குள்ளேயே இரண்டு தசமத்துக்குச் சுருக்கி, எழுத்துச் சரமாக மாற்றித் திருப்பித் தருகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கூட்டும்போது 276 வராது, 230.0046.00 என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிழைச் செய்திகூட வராது. எண்ணை எண்ணாகவே திருப்பித் தாருங்கள், ரேண்ட் குறியும் இரண்டு தசமமும் பில்லைத் திரையில் காட்டும் அந்த ஒரு பிரிண்டில் மட்டும் இருக்கட்டும்.