காணியை ஈடு வைக்க வேண்டாம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பெறுபேறு மோசமில்லை, ஆனால் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியில் பொறியியல் பீடம் கிடைக்காது போலிருக்கிறது. லண்டன் பெரியப்பா, "தனியாரில் சிவில் எஞ்சினியரிங் படிப்பியுங்கோ, வெளிநாட்டுப் பட்டம் கிடைக்கும்" என்று தினமும் அழைக்கிறாராம். யாழ்ப்பாணத்துக் காணியை ஈடு வைக்கலாமா என்பது கேள்வி.

அம்மா, வைக்காதீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. வட்டி கட்டப்போவது நீங்கள், பெரியப்பா அல்ல. அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் ஏற்கிறதா என்றாவது அவர் விசாரித்தாரா?

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. மேல்மாடி பிளாட்டின் கொங்கிறீட் கூரை இரவிலும் சூட்டை இறக்குகிறதென்று, அறைக்கு அறை வெப்பமானி வைத்து மகள் கொப்பியில் குறிக்கிறாளாம். படிக்கிற நேரத்தில் விளையாட்டு என்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அதுதான்.

மருத்துவம், கணினி பற்றியெல்லாம் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள், விடுவோம். கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வசதிகள் முகாமைத்துவம் என்றொரு நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. கட்டி முடித்த கட்டிடத்தைச் செலவு குறைத்துச் சரியாக ஓடவைக்கும் படிப்பு, உங்கள் மகள் கொப்பியில் குறிப்பதும் அதன் தொடக்கம்தான். அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை. பெயரைக் கேட்டதும் "வாச்சர் வேலையா?" என்பார்கள். கேட்கட்டும்.

கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட காலி வீதி அலுவலகக் கட்டிடம் ஒன்றை எடுங்கள். பின்னேர வெயில் நேரே உள்ளே. மின்கட்டணத்தில் பெரும்பங்கைக் குளிரூட்டல் விழுங்கும். பெரிய பாவனையாளருக்கு அலகுக்கு மட்டுமல்ல, மாதத்தில் ஒரே நேரத்தில் ஆகக்கூடுதலாக இழுத்த மின்சார அளவுக்கும் தனிக் கட்டணம் உண்டு. திங்கள் காலை எல்லாச் சில்லர்களையும், அதாவது குளிரூட்டலுக்கு நீரைக் குளிர்விக்கும் இயந்திரங்களையும், ஒன்றாகப் போட்டால், அந்த ஒரு காலையின் உச்சத்துக்கே மாதப் பில்லில் காசு கட்ட வேண்டி வரும். ஒன்றை விடியமுன், மலிவு நேரத்தில் ஓடவிட்டு மற்றதைப் பிந்திப் போட வேண்டும். மாலை 6.30 முதல் 10.30 வரையான விலைகூடிய நேரத்தில் எதை நிறுத்தலாம், கண்ணாடிக்கு வெளியே நிழல் எப்படிக் கொடுக்கலாம், குளிர்நீரின் வெப்பநிலையை ஒரு பாகை கூட்டினால் யாராவது முறையிடுவார்களா? இதெல்லாம்தான் வேலை. பொரளை, தெமட்டகொடைப் பக்கத் தொடர்மாடிகளில் லிஃப்ட், தண்ணீர் பம்ப் செலவுக்கும் இதே மூளை வேண்டும்.

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66. அதற்குப் பிறகு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தெரிந்த ஆளை முதலாளிமாரே தேடுகிறார்கள். அனுபவம் சேர்ந்தபின் நிலைபெறுதகு வலு அதிகாரசபை அங்கீகரிக்கும் வலு (எரிசக்தி) முகாமையாளராக, வலுக் கணக்காய்வாளராகப் போகவும் வழியுண்டு.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசை முக்கியம். மேலே இருப்பதுதான் முதலில் பார்க்கப்படும். அந்த வரிசையைப் பிள்ளையே எழுதட்டும், பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சரிபார்க்க வேண்டாம். அப்புறம், தியகமவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப நிறுவனம் நடத்தும் தேசிய தொழினுட்ப டிப்ளோமாவுக்கும் போட்டு வையுங்கள். அதற்கு விண்ணப்பம் தனி, அறிவித்தலைத் தவறவிடாதீர்கள்.