ஓரத்தில் படுத்திருந்த பறவை

கேள்வி: நான் நாகர்கோவில்காரி. கணவர் கொச்சி யூதக் குடும்பம், இஸ்ரேலில் பீர்ஷெபாவில் இருக்கிறோம். ஏழு வயது மகளுக்காக யூதக் கதைகளில் வரும் விசித்திரப் பிராணிகளைப் பற்றித் தமிழில் இருபது பாட்டு எழுதியிருக்கிறேன். தகவலெல்லாம் இணையத்தில் எடுத்ததுதான். அவளோ இரண்டாவது பாட்டிலேயே எழுந்து ஓடிவிடுகிறாள். பயமான இடங்களை நீக்கிவிடட்டுமா? எழுத நேரத்துக்குக் குறைவில்லை. அத்தை, அதாவது கணவரின் அம்மா, கூடவே இருந்தாலும் தொந்தரவே கிடையாது. "நீ வேலையா இருக்கே" என்று ஆறு மணிக்கே தானே சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய், மலையாளத்தில் ஏதோ பாடியபடி படுத்துவிடுவார்.

பதில்: முதலில் நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன். பயத்தை நீக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய கோலெம் பாட்டில் ப்ராக் நகரத்து ரபி, அதாவது யூத மதகுரு, களிமண்ணில் ஆள் செய்கிறார், அது தண்ணீர் சுமக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு உயிர் கொடுத்த, நெற்றியில் எழுதிய எழுத்து எங்கே போயிற்று? எபிரேய மொழியில் எமெத் என்றால் உண்மை, முதல் எழுத்தை அழித்தால் மெத், அதாவது செத்தது. தமிழில் எழுதினாலும் 'எ' ஒன்றை அழித்தால் போதும், மெத் என்றதும் பிள்ளையின் காது தானாகவே 'செத்' என்று சேர்த்துக்கொள்ளும், இப்படி ஓர் எதுகை சும்மா வந்து மடியில் விழுந்திருக்கிறது, நீங்கள் அதைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறீர்கள். லெவியாத்தான் பாட்டிலும் இதே கதைதான். ஒவ்வொரு நாளும் கடைசி மூன்று மணி நேரம் கடவுள் அந்த ராட்சச மீனோடு விளையாடுவார் என்று யூதர்களின் பழைய சமய நூலான தல்மூத்தில் இருக்கிறது. உங்கள் பாட்டில் அதன் நீளமும் அகலமும்தான் இருக்கின்றன.

சரி, இதெல்லாம் திருத்திவிடலாம். என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தின் கடைசியில் வரும் ஒரு வார்த்தை. "தொந்தரவே கிடையாது." ஒரு பெரியவரைப் பற்றி எழுதுகிற வார்த்தையா இது?

உங்கள் இருபது பாட்டுகளில் ஒரு பறவை இல்லை, அதைச் சொல்கிறேன். பெருவெள்ளத்திலிருந்து பிராணிகளைக் காப்பாற்றிய நோவாவின் பேழையில், அதாவது கப்பலில், நடந்ததை அவர் மகன் சேம் பிற்பாடு சொல்வதாக தல்மூத்தில், சன்ஹெட்ரின் என்ற பிரிவின் 108ஆம் ஏட்டில், ஒரு பகுதி வருகிறது. பகலில் தின்னும் பிராணிகளுக்குப் பகலில் தீனி, இரவில் தின்பவற்றுக்கு இரவில் தீனி, குடும்பமே தூக்கமில்லாமல் அலைந்தது. ஒரு பிராணி என்ன தின்னும் என்றே அப்பாவுக்குத் தெரியவில்லையாம். ஒருநாள் மாதுளம்பழம் நறுக்கும்போது கீழே விழுந்த புழுவை அது தின்ற பிறகுதான் புரிந்ததாம். இத்தனை அமளியிலும் ஓர் ஓரத்தில் பீனிக்ஸ் பறவை சும்மா படுத்திருந்தது. உனக்குச் சாப்பாடு வேண்டாமா என்று நோவா கேட்டதற்கு, "நீங்கள் வேலையாக இருந்தீர்கள், எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டேன்" என்றதாம். நீ சாகாமல் இருக்கவேண்டும் என்று நோவா அதை ஆசீர்வதித்தார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் அதே வார்த்தையைத்தான் தினமும் சொல்கிறார். நோவாவாவது நின்று கேட்டார்!

அப்புறம் அந்த 'மலையாளத்தில் ஏதோ'. நாகர்கோவில்காரிக்கு மலையாளம் புரியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள். கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பாடிய மலையாளப் பாட்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு, கிளியை அழைத்துப் பாடுகிற பாட்டுகூட இருக்கிறது. கையால் எழுதிய நோட்டுகளில் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தவை அவை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் நெவாத்திம் கிராமத்தில் கொச்சிக்காரர்கள் 1954இல் குடியேறினார்கள். அந்த நோட்டுகளைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்காக வீடு வீடாக அலைந்தார்கள். நீங்கள் அதே பாட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்து இணையத்தில் தேடுகிறீர்கள்.

மகள் ஓடுவது பயத்தால் அல்ல என்று நினைக்கிறேன். உங்கள் பாட்டில் தகவல் இருக்கிறது, வாய் இல்லை. பாட்டி பாடிக் கேட்காத பிள்ளைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தால் அது பாடப்புத்தகமாகத்தான் தெரியும். எனக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு, என் மாமியார் பாடிய தாலாட்டில் இன்று எனக்கு நினைவிருப்பது இரண்டே வரி, மீதியைக் கேட்க ஆள் இல்லை.

உங்கள் கணவரையும் சும்மா விடமாட்டேன். அவர் அம்மா ஆறு மணிக்குத் தனியாகச் சாப்பிடுவது அவர் கண்ணில் படவில்லையா? மகன் தன் கடமையை மருமகள் தலையில் கட்டிவிட்டார், மருமகளான நீங்கள் அதைக் கவிதையின் தலையில் கட்டுகிறீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அத்தையை உங்களோடு மேஜையில் உட்காரவையுங்கள், சாப்பிட்ட பிறகு பேத்தியை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள். பழைய நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று மறுநாள் கேளுங்கள். அடுத்த கடிதத்தில் எனக்குப் பாட்டு அனுப்பவேண்டாம். அத்தை எத்தனை மணிக்கு, யாரோடு சாப்பிட்டார் என்று மட்டும் எழுதுங்கள்.