கொலம்பஸ் உண்மையிலேயே அடிமை வியாபாரம் செய்தாரா, பிற்காலத்தில் கட்டிய கதையா?

நண்பர்களோடு வாதம் செய்து சூடாகிப்போய் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இது பழைய காயம்.

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவன் நான். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வாசகத்தை ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் ஆவேசமாகச் சொன்னேன்: "ஒன்பது, பத்து வயதுச் சிறுமிகளுக்கு இப்போது நல்ல கிராக்கி என்று கொலம்பஸே எழுதியிருக்கிறார்!" கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "யாருக்கு எழுதினது சார்?" எனக்குத் தெரியவில்லை. "உட்காரும்மா, பாடத்தைக் கவனி" என்று சமாளித்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

தேடிப் பிடித்தேன். 1500ல் கொலம்பஸ், விலங்கு மாட்டி ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்ட சமயத்தில், இளவரசர் யுவானின் செவிலித்தாயான யுவானா தெ லா தோர்ரேவுக்கு எழுதிய கடிதம் அது. முன்னும் பின்னும் படித்தால், ஹிஸ்பானியோலா என்ற கரீபியத் தீவில் குடியேறிய ஸ்பானியர்கள் எவ்வளவு கெட்டவர்கள் என்று புலம்புகிறார். தான் விற்றதாக அதில் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில் தப்பை ஒத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாவம், அந்த மனுஷரை வீணாகத் திட்டுகிறார்கள்" என்று ஆசிரியர் அறையில் அவருக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்தேன்.

அதுவும் ஒரு மாதம்தான். மற்ற கடிதங்களையும் படித்துத் தொலைத்தேனே!

முதல் பயணம் முடிந்து 1493ல் ஸ்பெயின் அரசவை நிதி அதிகாரி சாந்தாஞ்செலுக்கு எழுதிய கடிதத்தில், தங்கம், பருத்தி வரிசையிலேயே, கேட்கும் அளவுக்கு அடிமைகளும் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். அந்தக் கடிதம் அதே ஆண்டில் அச்சாகிவிட்டது, பின்னால் யாரும் செருகியதல்ல. அப்புறம் 1495. இரண்டாம் பயணத்தில் கூடப் போன அவருடைய நண்பர் மிக்கேலே தா கூனியோ எழுதுகிறார்: தீவின் பூர்வகுடிகள் சுமார் 1,600 பேரைப் பிடித்து வந்தார்கள், தேறியவர்களில் 550 பேரைக் கப்பலேற்றினார்கள், ஸ்பெயினை நெருங்கும்போது 200 பேர் போல இறந்தார்கள், உடல்களைக் கடலில் வீசினார்கள். கரையில் மிச்சமிருந்தவர்களில் வேண்டிய அளவு பேரை எடுத்துக்கொள்ளலாம் என்று குடியேறிகளுக்கு அறிவிப்பு. அதற்கும் மிஞ்சிய 400 பேரைப் போகச் சொன்னதும், மறுபடி பிடித்துவிடுவார்களோ என்று தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தரையில் போட்டுவிட்டு ஓடினார்களாம். இந்த வரியை என்னால் வகுப்பில் வாசிக்க முடியவில்லை.

கூனியோ எதிரியல்ல என்பதைக் கவனியுங்கள். கொலம்பஸைக் கைது செய்த அரச அதிகாரி பொபதில்யாவின் விசாரணை அறிக்கையை நான் எடுக்கவே இல்லை, பகையாளி சாட்சி என்று ஒதுக்கிவிட்டேன். 1498ல் கொலம்பஸே ஒரு கணக்குப் போடுகிறார்: பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் 4,000 அடிமைகளை அனுப்பினால் குறைந்தது 2 கோடி மரவெதி (அன்றைய ஸ்பானிய நாணயம்) கிடைக்கும். கூடவே சாயமரத்துக்கும் ஒரு கணக்கு. இதை எடுத்தெழுதி வைத்தவர் ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ், அவர் கொலம்பஸ் மேல் மரியாதை உள்ளவர்தான்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதானே" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். 1495ல் அந்த விற்பனையை, இறையியல் அறிஞர்களைக் கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்தது கொலம்பஸை அனுப்பிய அதே அரச தம்பதி, இசபெல்லாவும் பெர்டினாண்டும். 1500ல், விற்கப்பட்டவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் உத்தரவிட்டார்கள். அதற்காக அரசி இசபெல்லா உத்தமி என்று சொல்லவில்லை. 1503ல் காரிபு என்ற கரீபியப் பூர்வகுடி மக்களை அடிமையாக்க அனுமதி கொடுத்தவரும் அவர்தான். ஆனால் இது சரியா என்ற கேள்வி அன்றே இருந்தது.

நான் ஆய்வாளன் இல்லை, ஸ்பானிஷும் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்ததைத்தான் சொல்கிறேன்.

     

சரி, உங்கள் கேள்விக்கு: ஆம், செய்தார். நண்பர்களிடம் யுவானா கடிதத்தை மட்டும் ஆதாரமாக நீட்டாதீர்கள், என்னைப் போல மாட்டிக்கொள்வீர்கள்.