மேசைக் கணினிக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: கணினி மேசையில் வைத்துப் பாட்டுக் கேட்கச் சிறிய ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்க விரும்புகிறேன். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் ஆயிரக்கணக்கான வாட் அளவை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்று போடப்படும் அந்த எண் விளம்பரத்துக்கானது. தொடர்ந்து வெளிப்படும் திறனைக் காட்டும் ஆர்.எம்.எஸ். அளவையே பாருங்கள். இரண்டடித் தொலைவில் அமர்ந்து கேட்பவருக்கு ஒவ்வொரு பக்க ஸ்பீக்கருக்கும் 10 முதல் 20 வாட் தாராளம். யு.எஸ்.பி. 2.0 வழியாக மட்டும் மின்சாரம் பெறும் ஸ்பீக்கருக்கு வழக்கமாக 2.5 வாட்டுக்கு மேல் கிடைக்காது என்பதால், நேரடி மின் இணைப்போ தனி அடாப்டரோ உள்ளதையே தேர்ந்தெடுங்கள். தாழ்சுருதி ஒலிகளைத் தரும் 3 அல்லது 4 அங்குல வூஃபரும் உயர்சுருதி ஒலிகளைத் தரும் தனி ட்வீட்டரும் உள்ள ஜோடி பேச்சையும் வீணையையும் தெளிவாகத் தரும். ஆழ்ந்த பேஸ் (தாழ்சுருதி ஒலி) வேண்டுமானால், அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள் என்றால், அதற்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டியைச் சேர்க்கலாம். பின்புறம் காற்றுத்துளை உள்ளவற்றைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் மிகுந்து குழம்பும். ட்வீட்டர் காதை நோக்கும்படி சற்றே சாய்த்து வையுங்கள்.