35 கிலோவாட்டுக்குள் பைக்: ஏ2 லைசென்ஸ் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனில் ஏ2 லைசென்ஸுக்காக, அதாவது 35 கிலோவாட் வரைக்கும் உள்ள பைக்குகளை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் லைசென்ஸுக்காக, பைக்கின் பவரைக் குறைப்பது பற்றி என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகளை இங்கே மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். லண்டனில் பைக் பட்டறை வேலை பார்ப்பவன் நான், அதனால் சட்டத்தையும் இன்ஜினையும் சேர்த்தேதான் சொல்வேன்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், வயது 19): அண்ணா, ஏ2 என்றால் 35 கிலோவாட் என்கிறார்கள், சிலர் 47 குதிரைத்திறன் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் ஒன்றுதான் தம்பி. 35 கிலோவாட் என்பது பிரிட்டிஷ் குதிரைத்திறனில் கிட்டத்தட்ட 47. ஐரோப்பியக் கம்பெனிகள் பிஎஸ் என்று போடும் கணக்கில் அது 47.6 வரும். விளம்பரத்தில் எதைப் போட்டிருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியது கிலோவாட் எண்ணைத்தான், சட்டம் அதில்தான் பேசுகிறது. வண்டியின் பதிவுப் பத்திரமான லாக்புக்கில் பி.2 என்ற கட்டத்தில் அது இருக்கும்.

ஆனால் 35 என்ற ஒரு எண்ணோடு விஷயம் முடியவில்லை. ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடாது, அதாவது முழு 35 கிலோவாட் வேண்டுமென்றால் வண்டி 175 கிலோவாவது இருக்க வேண்டும், 160 கிலோ வண்டிக்கு 32 கிலோவாட்தான் உச்சம். மூன்றாவது நிபந்தனைதான் நிறையப் பேரின் காலை வாரிவிடுவது: பவரைக் குறைத்த வண்டியின் அசல் பவர், குறைத்த பவரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 35க்கு இறக்க வேண்டுமானால் அசல் 70 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது.

வயதுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 125 சிசிக்குள் சின்ன வண்டி ஓட்டும் ஏ1 17 வயதில், ஏ2 19 வயதில். எந்த பவர் வண்டியும் ஓட்டும் முழு ஏ லைசென்ஸ் நேரடியாக என்றால் 24 வயதில், ஏ2 எடுத்து இரண்டு வருடம் ஓட்டியிருந்தால் 21இலேயே. ஆனால் அதற்கும் பெரிய வண்டியில் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும், தானாக மாறாது.

கேள்வி (ஹாரோ): யமஹா எம்டி-09 வாங்கி 35க்கு இறக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். என் பெரியப்பா மகனும் அந்தக் காலத்தில் ஆர்6 வாங்கிக் குறைத்துதான் ஓட்டினாராம். நானும் செய்யலாமா?

செய்யாதீர்கள். உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை, அவர் காலத்துச் சட்டம் வேறு. 2013 ஜனவரி 19க்கு முன்னால் 25 கிலோவாட், அதாவது 33 குதிரைத்திறன் வரம்பு இருந்தது. எந்த வண்டியில் இருந்து இறக்கினாலும் கேள்வி கிடையாது, இரண்டு வருடம் கழிந்ததும் லைசென்ஸ் தானாகவே முழுசாகிவிடும். அந்தக் காலத்து ஆலோசனை இன்னமும் வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைக் கேட்டுப் பணத்தைக் கொட்டிய பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

முழு பவர் எம்டி-09உம் ஆர்6உம் 80 கிலோவாட்டுக்கு மேல். 35 என்ன, 30க்கு இறக்கினாலும் ஏ2வில் செல்லாது. இறக்கித் தருகிறேன் என்பவர் வேலையைச் சுத்தமாகச் செய்துகூடக் கொடுப்பார், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஏ2 வண்டி ஆகாது.

யமஹாவே வேண்டுமென்றால் எம்டி-07 பாருங்கள், அசல் 54 கிலோவாட். கவாஸாகி இசட்650 சுமார் 50, 2021இல் வந்த டிரையம்ஃப் டிரைடென்ட் 660இல் 60. ஹோண்டா சிபி650ஆர் சரியாக 70இல் நிற்கிறது, 95 பிஎஸ். கேடிஎம் 790 டியூக்கில் கம்பெனியே 70 கிலோவாட்டில் தனி மாடல் விட்டது, அது ஏ2க்கு ஆகும், அதன் 105 பிஎஸ் மாடல் ஆகாது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி போலத்தான் இருக்கும், லாக்புக்கைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி (டூட்டிங்): உள்ளே என்னதான் வைக்கிறார்கள்? இன்ஜின் கெட்டுப்போகாதா? வண்டி செத்த மாதிரி ஓடுமோ என்று பயமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்த கேள்வி. மூன்று வழி இருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் டேங்கைக் கழற்றி, ஏர்பாக்ஸைத் தூக்கி, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைத் தளர்த்தி அதற்குள் ஒரு உலோக வாஷர் வைப்பார்கள். சிலிண்டருக்கு ஒன்று, நடுவில் கணக்குப் பார்த்துப் போட்ட ஓட்டை, காற்று அந்த அளவுக்கு மேல் போகாது. இரண்டாவது, த்ராட்டில் ஒரு அளவுக்கு மேல் திறக்காதபடி வைக்கும் தடுப்பு. மூன்றாவதுதான் இன்றைய வண்டிகளில் அதிகம்: டீலர் கம்ப்யூட்டரை மாட்டி ஈசியுவில், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரில், வேறு மேப் (இன்ஜின் எப்படி ஓட வேண்டும் என்ற கணக்கு) ஏற்றிவிடுவார், ஒரு நட்டுகூடக் கழற்ற வேண்டாம்.

ஒழுங்காகச் செய்தால் இன்ஜினுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. வாஷர் வேலையில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ரப்பர் வெடித்திருந்தால், அல்லது கிளாம்ப் சரியாக உட்காராவிட்டால், பக்கவாட்டில் காற்று இழுக்கும். சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் ஏறி இறங்கினால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் தாமதமாக இறங்கினால், முதலில் அந்த ரப்பரைப் பாருங்கள். பவரைக் குறைத்ததால் வண்டி கெட்டுவிட்டது என்று கொண்டுவருபவர்களின் வண்டியில் நான் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான்.

செத்த மாதிரி ஓடுமா என்றால், ஓடாது. பவர் என்பது டார்க்கும் (இன்ஜின் சுழற்றும் விசை) ஆர்பிஎம்மும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சேர்ந்து வருவது. எம்டி-07இன் உச்ச டார்க் 68 நியூட்டன் மீட்டர். அந்த டார்க்கோடு 5,000 ஆர்பிஎம்மில் வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 35 கிலோவாட் வந்துவிடும். ஆகவே நல்ல மேப்பாக இருந்தால், ஊருக்குள் 5,000க்குக் கீழே ஓட்டும் வரை குறைத்ததே பெரிதாகத் தெரியாது. வெட்டுவது அதற்கு மேலேதான். மோட்டார்வேயில் 70 மைல் வேகம் சாதாரணமாகப் போகும், முந்தும்போது மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே கணக்குப் பண்ண வேண்டும். கீழ் ஆர்பிஎம்மிலேயே நன்றாக இழுக்கும் இரட்டை சிலிண்டர் வண்டிகளை நான் ஏ2க்குச் சொல்வது இதனால்தான். மேலே போனால்தான் உயிர் வரும் நாலு சிலிண்டர் வண்டிகள் இந்த வெட்டில் அதிகம் இழக்கும்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): என் வண்டியில் ரெயின் மோடு இருக்கிறது, அதில் பவர் பாதிக்கு வந்துவிடும். அதிலேயே வைத்து ஓட்டினால் போதாதா?

போதாது. பட்டனை அழுத்தினால் திரும்பி வரும் பவரைச் சட்டம் குறைத்த பவராக எடுத்துக்கொள்ளாது. அப்படி மாற்றி மாற்றி வைக்கக்கூடிய வண்டியை டெஸ்ட்டுக்கும் ஏற்க மாட்டார்கள்.

கேள்வி (கிராய்டன், வயது 20): அண்ணா, குறைத்த என் சொந்த வண்டியிலேயே டெஸ்ட்டுக்குப் போகலாமா? என்ன பேப்பர் வேண்டும்?

போகலாம் தங்கச்சி. வண்டி 395 சிசிக்குக் குறையாமல், 20இல் இருந்து 35 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். குறைத்ததற்கான அத்தாட்சியைக் கையில் கொண்டுபோக வேண்டும். அதை மெயின் டீலர், அதிகாரபூர்வ இறக்குமதியாளர் அல்லது இந்த வேலையில் பேர்பெற்ற நிபுணர் கொடுத்திருக்க வேண்டும், அதில் உங்கள் வண்டி நம்பர் இருக்க வேண்டும். டைனோ என்ற பவர் அளக்கும் மெஷினில் ஓட்டி எடுத்த தாள் செல்லாது, அது அன்றைக்கு அந்த வண்டி என்ன பவர் காட்டியது என்பதை மட்டும்தான் சொல்லும்.

டெஸ்ட் முடிந்த பிறகும் அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். போன் படத்தில் ஒன்று, வீட்டில் அசல் ஒன்று. போலீஸ் நிறுத்தினாலும், இன்சூரன்ஸ்காரர் கேட்டாலும், நாளைக்கு வண்டியை இன்னொரு ஏ2 பிள்ளைக்கு விற்றாலும் அதுதான் பேசும்.

கேள்வி (பெயரும் ஊரும் போடவில்லை): வாஷரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?

ரோட்டில் பார்த்து யாருக்கும் தெரியாது, உண்மைதான். ஒரு விபத்து நடந்தால்தான் வண்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள், அந்த நேரத்தில்தான் உங்களுக்கு இன்சூரன்ஸ் ரொம்பத் தேவைப்படும்.

லைசென்ஸுக்கு மீறிய வண்டி ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் மூன்றில் இருந்து ஆறு தண்டனைப் பாயின்ட். இன்சூரன்ஸ் இல்லை என்று ஆனால் குறைந்தது ஆறு பாயின்ட், வண்டியையும் தூக்கிக்கொண்டு போவார்கள். முதல் முழு லைசென்ஸ் கிடைத்து இரண்டு வருடத்துக்குள் ஆறு பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்து, மறுபடி தியரியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். கார் லைசென்ஸும் சேர்ந்து போகும். எதிரில் வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்தாலும், அதை உங்களிடம் திரும்பக் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒருவருக்கு முதுகெலும்பில் அடி பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தொகை ஒரு குடும்பம் ஆயுள் முழுக்க உழைத்தாலும் தீராது. தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி (கவென்ட்ரி, கோயம்புத்தூரில் இருந்து மேல்படிப்புக்கு வந்தவர், வயது 27): என்னிடம் இந்திய லைசென்ஸ் இருக்கிறது. நானும் வண்டியைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். செல்லுபடியாகும் இந்திய பைக் லைசென்ஸை வைத்து, நீங்கள் இங்கே குடியேறிய நாளில் இருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு அது செல்லாது, பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றவும் முடியாது, இலங்கை லைசென்ஸுக்கும் இதே கதைதான். புரவிஷனல் என்ற கற்பவர் லைசென்ஸ் எடுத்து, சிபிடி என்ற அடிப்படைப் பயிற்சி, தியரி, இரண்டு பிராக்டிகல் என்று முதலில் இருந்து வர வேண்டும். உங்களுக்கு 24 தாண்டிவிட்டதால் நேரடியாக முழு ஏ எடுக்கலாம். வருடம் முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே ஆரம்பியுங்கள்.

கேள்வி (பாரிஸ், லா சப்பல்): எங்களுக்கும் இதே சட்டமா?

வரம்புகள் ஐரோப்பா முழுக்க ஒரே அடிப்படைதான், ஏறும் வழி வேறு. பிரான்சில் 2016 ஜூனில் இருந்து உங்களுக்கு நாற்பது வயதானாலும் முதலில் ஏ2தான். இரண்டு வருடம் கழித்து ஏழு மணி நேரப் பயிற்சி, அதற்குப் பரீட்சை கிடையாது. அங்கே குறைத்ததும் சரி, பிறகு திறந்துவிட்டதும் சரி, வண்டிப் பதிவுப் பத்திரமான கார்த் கிரிஸில் ஏற வேண்டும். ஜெர்மனியிலும் டூஃப் போன்ற வாகனப் பரிசோதனை இடத்தில் காட்டி வண்டிப் பத்திரத்தில் பதிய வேண்டும்.

கேள்வி (லூட்டன்): குறைக்கிற தொல்லையே இல்லாமல் ஏ2க்கு என்ன வாங்கலாம்?

என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நல்ல வழி. ஹோண்டாவின் சிபி500 குடும்பம் 2013இல் இந்த வரம்பை வைத்தே வந்தது, 471 சிசி, சரியாக 35 கிலோவாட், முரட்டுத்தனமாக ஓட்டினாலும் தாங்கும். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 சென்னைப் பக்கம் செய்து வரும் வண்டி, 47 குதிரைத்திறன், எடை 200 கிலோவுக்கு மேல், கடையில் இருந்து அப்படியே ஏ2. கேட்க நன்றாக இருக்கிறது, கீழேயே இழுக்கிறது, ஆனால் ஸ்டாண்டில் இருந்து எடுக்கும்போது கனம் தெரியும், ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டிரையம்ஃப் ஸ்பீடு 400உம் இந்தியாவில் பஜாஜ் செய்வது, 40 பிஎஸ், எடை குறைவு.

ஒரு சின்ன விஷயம்: பழைய கேடிஎம் 390 டியூக் 373 சிசி, என்ஃபீல்டு கிளாசிக் 350 349 சிசி. ஏ2 கையில் இருந்தால் இரண்டையும் தாராளமாக ஓட்டலாம், ஏ2 டெஸ்ட்டுக்கு மட்டும் கொண்டுபோக முடியாது.

கேள்வி (ஒரு அம்மா, சவுத்ஹால்): 17 வயது மகன் பழைய ஏப்ரிலியா ஆர்எஸ்125 வாங்கியிருக்கிறான். சைலன்சரில் ஏதோ வாஷரை எடுத்தால் வேகமாகப் போகும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். ஆபத்தா?

ஆபத்துதான் அக்கா. 125 சிசிக்கு வரம்பு 11 கிலோவாட், அதாவது 15 குதிரைத்திறன். அந்த டூ ஸ்ட்ரோக் வண்டியைத் திறந்துவிட்டால் 30ஐத் தாண்டும், இரண்டு மடங்குக்கு மேல். நம் ஊரில் எல்லோரும் பறந்து பறந்து ஓட்டிய ஆர்எக்ஸ் 100 வெறும் 11 குதிரைத்திறன்தான், அதிலிருந்து யோசித்துப் பாருங்கள். அதுவும் மெதுவாக ஏறாது, ஒரு ஆர்பிஎம் வந்ததும் திடீரென்று பிடித்து இழுக்கும், 17 வயதுக் கை அதற்குப் பழகியிருக்காது.

அவனைத் திட்ட வேண்டாம், திட்டினால் உங்களுக்குத் தெரியாமல் செய்வான். வண்டியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் அவனோடு சேர்ந்து கொண்டுபோய், வாஷர் இருக்கிறதா, ஏற்கெனவே யாராவது எடுத்துவிட்டார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய டூ ஸ்ட்ரோக்கில் முந்தைய ஓனரே எடுத்திருப்பது சகஜம். பையனுக்குத் தெரியாமலேயே அவன் சட்டத்துக்கு வெளியே ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி (சிங்கப்பூர்): இங்கே 2பி லைசென்ஸ் வைத்துக்கொண்டு 400 சிசி வண்டியைக் குறைத்து ஓட்டலாமா?

முடியாது. பெட்ரோல் வண்டிக்கு சிங்கப்பூர் பவரைப் பார்ப்பதில்லை, சிசியைத்தான் பார்க்கிறது. 2பி 200 வரை, 2ஏ 400 வரை. வாஷர் வைத்தாலும் 400 சிசி 400 சிசிதான்.

கேள்வி (பர்மிங்காம்): ஏ2 எடுத்து இரண்டு வருடம் முடிந்து போன வாரம் முழு ஏ பாஸ் ஆகிவிட்டேன். இப்போது இசட்650ஐத் திறக்கலாம்தானே?

வாழ்த்துகள் தம்பி. திறக்கலாம், ஆனால் முதலில் இன்சூரன்ஸுக்குப் போன் போட்டு லைசென்ஸ் மாறியதையும் பவர் கூடப்போவதையும் சொல்லுங்கள், பிரீமியம் மாறலாம். அப்புறம் குறைத்த அதே இடத்திலேயே திறந்து, அதற்கும் ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். வாஷரோ தடுப்போ இருந்தால் தூக்கிப்போடாமல் எடுத்து வையுங்கள், விற்கும்போது ஏ2 பிள்ளைகள் தேடிவந்து வாங்குவார்கள். திறந்த பிறகு பிரேக் பேடையும் டயரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அந்த வண்டி 5,000க்கு மேலே இழுக்கும் இழுப்பு உங்களுக்குப் புதுசு, முதல் சில நாள் ஈர ரோட்டில் கையை அடக்கி ஓட்டுங்கள்.